விளையாட்டு உலகமும் அப்பாயியின் கேள்வியும்

செல்போனில் மணிக்கணக்கில் விளையாடுகிறோம். அந்த விளையாட்டு நடக்கும் உலகத்தை எப்படிக் கட்டுகிறார்கள் என்று யோசித்ததுண்டா? அதைத்தான் இங்கே சுருக்கமாகப் பார்க்கப் போகிறோம்.

விண்கலமும் பேயும், துப்பாக்கியும் வாளும் ஒரே கதையில் வந்தால் அது அறிவியல் மாயக்கதை. இங்கிலாந்தில் 1987ல் வெளிவந்த 'வார்ஹேமர் 40,000' இதற்கு நல்ல உதாரணம். மேஜையில் பொம்மைப் படைகளை நிறுத்தி, பகடை உருட்டி ஆடும் ஆட்டம் இது. கம்ப்யூட்டருக்கு வந்தது பிறகுதான். ஆட்டம் நடக்கும் காலத்துக்குப் பத்தாயிரம் ஆண்டு முன்னால், ஹோரஸ் என்ற தளபதி தன் பேரரசரை எதிர்த்துக் கலகம் செய்தான் என்பது ஆரம்பத்தில் வெறும் பின்னணிக் குறிப்பு. 2006 முதல் அதுவே ஐம்பதுக்கும் மேற்பட்ட புத்தகங்களாக விரிந்தது.

இதை எங்க அப்பாயிகிட்ட சொன்னேன். எழுதப் படிக்கத் தெரியாதவர். "சரிடா, அவன் ஏன் கலகம் பண்ணினான்?" என்று கேட்டார். அசந்து போனேன்! அத்தனை புத்தகமும் பதில் சொல்வது அந்த ஒரு கேள்விக்குத்தானே!

பிறகு அவரே அல்லி கதையைச் சொன்னார். வியாசர் பாரதத்தில் மதுரை அல்லி அரசாணி கிடையாது, பவளக்கொடியும் கிடையாது. நம் மக்கள் சேர்த்தவர்கள். ஆனால் அர்ச்சுனன் அர்ச்சுனனாகவே இருக்கிறான், கண்ணன் கண்ணனாகவே உதவுகிறான், பாரதப் போரின் முடிவு மாறவில்லை. விரிக்கும் கதைக்கு இதுவே முதல் விதி: இடைவெளியை நிரப்பலாம், அஸ்திவாரத்தை இடிக்கக் கூடாது.

விதி தவறினால்? 'ஹேலோ' விளையாட்டுக்கு 2001ல் ஒரு நாவல் வந்தது. ரீச் என்ற கிரகம் வீழ்ந்த கதை. 2010ல் அதே வீழ்ச்சியை விளையாட்டாக்கியபோது நாட்கணக்கும் சம்பவங்களும் நாவலோடு ஒத்துப்போகவில்லை. ரசிகர்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள்!

இனி நம் ஊருக்கு வருவோம். ரஞ்சன்குடியில் 17ஆம் நூற்றாண்டுக் கோட்டை நிற்கிறது. பக்கத்து வாலிகண்டபுரத்தில் 1751ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். காரையில் அம்மோனைட் படிமங்கள் மண்ணில் கிடக்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. சாத்தனூரில் 18 மீட்டர் நீள மரம் கல்லாகிக் கிடக்கிறது. கோட்டையின் அடியில் அந்தக் கடல் இன்னும் விழித்திருந்தால்? ஒரு விளையாட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்!

புரோகிராம் எழுத நாம் கற்றுக்கொள்ளலாம். கதை அப்பாயிகளிடம் இருக்கிறது. அவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. இந்த லீவில் ஆளுக்கு ஒரு கதையாவது கேட்டு நோட்டில் எழுதி வைப்போம். எழுதாமல் விட்டால், அடுத்தவன் கட்டிய உலகத்தில்தான் நாம் எப்போதும் விளையாடிக்கொண்டிருப்போம்.