பெயர் தெரியாத பாக்டீரியா: எங்கே தொடங்குவது?

மைக்ரோபயாலஜி லேபில் புதிதாகச் சேர்ந்தவரிடம் ஒரு பிளேட்டைக் கொடுத்து, ‘என்னன்னு பாரு’ என்றால், உடனே ஏழெட்டு டியூபில் டெஸ்ட் போட ஆரம்பித்துவிடுவார். அவசரம் வேண்டாம். முதலில் பிளேட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். காலனிகளில் சிலது பெரிது, சிலது பொடி என்றால் கலப்பு இருக்கலாம். தனித்து நிற்கும் ஒரு காலனியை எடுத்துப் புதுப் பிளேட்டில் கோடிழுத்து வளர்த்துவிடுங்கள். ஒரு நாள் போகும், போகட்டும். கலப்புக் கல்ச்சரில் போட்ட டெஸ்ட் எதுவும் செல்லாது.

அடுத்து கிராம் சாயம். ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் வெளியிட்ட முறை. கிரிஸ்டல் வயலட், அயோடின், ஆல்கஹால், சாஃப்ரனின் என்ற வரிசை எல்லோருக்கும் மனப்பாடம். கோட்டை விடுவது ஆல்கஹாலில்தான். ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து ஊற்றுங்கள். வழிவதில் ஊதா நின்றதும் தண்ணீரில் கழுவிவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் கிராம் பாசிட்டிவ்கூடச் சிவந்துவிடும். பழைய கல்ச்சரிலும் இதே கதை. ஸ்மியர் தடித்துப்போனால் நெகட்டிவும் ஊதாவாகவே நிற்கும். அதனால் ஸ்லைடின் ஒரு ஓரத்தில் ஸ்டாஃபையும் மறு ஓரத்தில் ஈ.கோலையையும் வைத்துச் சாயமேற்றுங்கள். ஓரம் இரண்டும் சரியாக வந்தால்தான் நடுவில் இருப்பதை நம்பலாம்.

ஊதா உருண்டைகளா? கேட்டலேஸ் போடுங்கள். 3% ஹைட்ரஜன் பெராக்சைடில் குமிழி வந்தால் ஸ்டாஃப் பக்கம், வராவிட்டால் ஸ்ட்ரெப் பக்கம். பிளட் அகாரிலிருந்து எடுக்கும்போது அகாரைச் சுரண்டிவிடாதீர்கள்; ரத்தச் சிவப்பணுவே குமிழி விடும். ஸ்டாஃப் என்றால் முயல் பிளாஸ்மாவில் டியூப் கோயாகுலேஸ். 4 மணி நேரத்தில் ஒருமுறை கட்டாயம் பார்க்க வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ஆரியஸ் உறையவைத்ததை அதுவே கரைத்துவிட்டிருக்கலாம்.

சிவப்புக் குச்சிகள் என்றால் மெக்கான்கியும் ஆக்சிடேஸும். ஆக்சிடேஸை மெக்கான்கி காலனியில் போடாதீர்கள், நிக்ரோம் லூப்பாலும் தொடாதீர்கள். இரண்டும் தப்பான விடை தரும். மெக்கான்கியில் ஈ.கோலை, கிளெப்சியெல்லா இரண்டுமே இளஞ்சிவப்புதான். இன்டோல் பாசிட்டிவ், சிட்ரேட் நெகட்டிவ் என்றால் ஈ.கோலை, தலைகீழாக இருந்தால் பெரும்பாலும் கிளெப்சியெல்லா நிமோனியே.

நோட்டில் வெறும் ‘பாசிட்டிவ்’ என்று எழுதாமல், பார்த்த நிறத்தையும் நேரத்தையும் எழுதுங்கள். ஒரு டெஸ்ட் மட்டும் மற்றவற்றோடு ஒட்டவில்லையா? கன்ட்ரோலோடு சேர்த்துத் திரும்பப் போடுங்கள். அப்போதும் ஒட்டாவிட்டால் சீனியரிடம் போங்கள், பிளேட்டையும் எடுத்துக்கொண்டு. நோட்டோடு மட்டும் போய் நின்றால், “பிளேட் எங்கே?” என்றுதான் முதலில் கேட்பார்.