எரோஷனா, அல்சரா?

கேள்வி: அப்பாவுக்குக் கேப்சூல் எண்டோஸ்கோப்பி எடுத்தோம். ஒரே படத்தை ஒரு டாக்டர் ‘எரோஷன்’ என்கிறார், இன்னொருவர் ‘அல்சர்’ என்கிறார். யாரை நம்புவது?

பதில்: இருவரையும் நம்பலாம். குடலின் உள்தோல் மேலாக உரிந்திருந்தால் எரோஷன். அதைத் தாண்டி ஆழமாகப் போயிருந்தால் அல்சர். குழாய் எண்டோஸ்கோப்பியில் காற்றடித்துக் குடலை விரித்துப் பார்க்கலாம், சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்கலாம். கேப்சூல் என்பது விழுங்கும் கேமரா மாத்திரை; 26 மில்லிமீட்டர் மாத்திரைக்கு அந்த வசதி ஏது? போகிற போக்கில் படம் எடுத்துத் தள்ளும். விநாடிக்கு இரண்டு என்றால்கூட எட்டு மணி நேரத்தில் 57,600! ஆழத்தைக் கண்மதிப்பில்தான் சொல்ல வேண்டும். ஆளுக்கொரு பெயர் வருவது அங்கேதான்.

2001இல் அமெரிக்கா இந்த மாத்திரையை அனுமதித்தது. இந்தப் பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க 2005இலேயே பொதுச் சொற்பட்டியல் ஒன்று வந்துவிட்டது. பின்னர் டெல்ஃபி முறையிலும் முயன்றார்கள்: நிபுணர்களிடம் தனித்தனியே, பெயர் மறைத்து, சுற்றுச் சுற்றாகக் கருத்துக் கேட்டு ஒரே விளக்கத்துக்கு வருவது. எனக்குப் பிடித்தது லூயிஸ் மதிப்பெண். வீக்கம், புண், குடல் சுருக்கம் மூன்றையும் எண்ணாக்கிவிடுகிறது. 135க்குக் கீழே என்றால் பெரிதாகக் கவலையில்லை.

அப்பாவின் மதிப்பெண்ணைக் கேளுங்கள். மூட்டுவலிக்கு மாத்திரை விழுங்குகிறவராக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த மாத்திரைகளும் இதே மாதிரிப் புண்களை உண்டாக்கும்.