இருபத்து நான்கில் ஒரு பங்கு

பொம்மைக் கார் வேறு, மாதிரிக் கார் வேறு. இரண்டும் கையில் அடங்குபவை, இரண்டுக்கும் நான்கு சக்கரங்கள் உண்டு என்பதால் நம்மில் பலர் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடுகிறோம். திருவிழாக் கடையில் வாங்கும் பொம்மைக் காரில் சக்கரம் அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கும். கதவு வெறும் கோடாக இருக்கும். தரையில் ஓடினால் போதும். மாதிரிக் காரில் அப்படி விட்டுவிட முடியாது. உண்மைக் காரின் ஒவ்வொரு பாகமும், கதவுப் பிடி முதல் கண்ணாடி துடைப்பான் வரை, ஒரே விகிதத்தில் சுருங்கி அதில் வந்திருக்க வேண்டும். அமெரிக்கா, இங்கிலாந்து, ஜப்பான் முதலிய நாடுகளில் சிறுவர் மட்டுமின்றிப் பெரியவர்களும் ஓய்வு நேரக் கலையாக இதைப் பேணி வருகிறார்கள். இக்கலையைப் பற்றி நாங்கள் படித்தறிந்தவற்றையும் செய்து பார்த்தவற்றையும் நம் பள்ளித் தோழியருடன் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். விகிதம், விகித சமம் என்று நாம் ஏழாம் வகுப்பில் போட்ட கணக்குத்தான். 1:24 என்றால் உண்மைக் காரின் 24 அங்குலம் மாதிரியில் ஓர் அங்குலம்; அதாவது ஓர் அடிக்கு அரை அங்குலம். நாம் எல்லாரும் அறிந்த அம்பாசிடர் காரையே எடுத்துக்கொள்வோம். 1957 முதல் 2014 வரை நம் நாட்டில் உருவான அந்தக் காரின் நீளம் ஏறத்தாழ 4 மீட்டர் 32 சென்டிமீட்டர். 24 ஆல் வகுத்தால் 18 சென்டிமீட்டர். அகலம் 7 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதன் அருகே நிற்கும் 160 சென்டிமீட்டர் உயரமுள்ள மாணவி ஒருத்தி 6.7 சென்டிமீட்டராகி விடுவாள்.

நீளம் 24 மடங்கு குறைந்தால் பரப்பு 24 மடங்கா குறையும்? இல்லை. 24 ஐ 24 ஆல் பெருக்க வேண்டும். 576 மடங்கு குறையும். கன அளவோ 13,824 மடங்கு குறையும். சுமார் 1,100 கிலோ எடையுள்ள அம்பாசிடரை அதே இரும்பிலும் ரப்பரிலும் துல்லியமாகச் சுருக்கினால் 80 கிராம்தான் இருக்கும். எங்களுள் ஒருத்தி இதை நம்பாமல் மூன்று முறை வகுத்துப் பார்த்தாள்.

1:24 தவிர 1:25, 1:43, 1:64 போன்ற அளவுகளும் உண்டு. 1:43 என்ற விந்தையான எண் எப்படி வந்தது என்று கேட்கலாம். இங்கிலாந்தில் மாதிரி ரயில் வைத்து விளையாடுவோர் ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்ற கணக்கைப் பின்பற்றினர். அந்த ரயில் நிலையத்து வாசலில் நிறுத்தக் கார் வேண்டுமல்லவா? ஓர் அடி என்பது 304.8 மில்லிமீட்டர். அதை 7 ஆல் வகுத்தால் 43 சொச்சம் வருகிறது.

உலகப் புகழ்பெற்ற 'மேட்ச்பாக்ஸ்' கார்கள் பிறந்த கதையில் ஒரு பள்ளிக்கூடமும் ஒரு சிறுமியும் வருகிறார்கள். லண்டனில் 1947 இல் தொடங்கப்பட்ட லெஸ்னி என்ற நிறுவனத்தில் ஜாக் ஓடெல் என்ற பொறியாளர் பணியாற்றி வந்தார். அவருடைய மகள் படித்த பள்ளியில் ஒரு விதி: தீப்பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுப் பொருளைத்தான் பிள்ளைகள் வகுப்புக்குக் கொண்டுவரலாம். தந்தை பித்தளையில் ஒரு சிறு சாலை உருளை இயந்திரம் செய்து தீப்பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார். மற்றப் பிள்ளைகளும் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டனர். 1953 இல் அவ்வகை வண்டிகள் கடைக்கு வந்தன. (நம் பள்ளியில் இப்படி ஒரு விதி வந்தால் எத்தனை பேர் தீப்பெட்டி தேடுவோமோ!) ஆனால் இவை கண்டிப்பான அளவு மாதிரிகள் அல்ல. பேருந்தும் காரும் ஒரே அளவுப் பெட்டிக்குள் போக வேண்டியிருந்ததால், பேருந்தை அதிகமாகவும் காரைக் குறைவாகவும் சுருக்கினார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் இந்த வேறுபாடு விளங்கும்.

"பெண் பிள்ளைக்குக் கார் எதற்கு?" என்று வீட்டில் யாரேனும் கேட்கலாம். எங்களையும் கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் ஒரு வரலாறே இருக்கிறது.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஃபிஷர் பாடி என்ற பிரிவு 1930 இல் மாணவர்களுக்காக ஒரு கைவினைப் போட்டியை அறிவித்தது. அப்பிரிவின் சின்னமாக இருந்தது நெப்போலியன் காலத்து அரச வண்டி. அதை அப்படியே சிறு மாதிரியாகச் செய்ய வேண்டும். சக்கரத்தின் ஆரக்கால், கதவின் பூவேலை, உள்ளிருக்கை மெத்தை எல்லாம் கையாலேயே செய்யப்பட வேண்டும். ஒரு வண்டியை முடிக்க நூற்றுக்கணக்கான மணி நேரம் பிடித்தது. 1931 இல் முதற்பரிசு பெற்ற நால்வருக்குத் தலா 5,000 டாலர் கல்லூரி உதவித்தொகை கிடைத்தது. வேலையின்மையும் வறுமையும் தலைவிரித்தாடிய அக்காலத்தில் அது ஒரு குடும்பத்தின் நிலைமையையே மாற்றக்கூடிய தொகை. பின்னாளில் அரச வண்டிக்குப் பதிலாக மாணவரே கற்பனை செய்த காரை 1:12 அளவில் செய்து அனுப்பும் முறை வந்தது. 1947 இல் இப்போட்டியில் வென்ற சார்லஸ் ஜோர்டன், அந்நிறுவனத்திலேயே சேர்ந்து படிப்படியாக உயர்ந்து, 1986 முதல் 1992 வரை வடிவமைப்புத் துறைக்கே துணைத் தலைவராக இருந்தார். 1968 வரை இப்போட்டி நடந்தது.

இத்தனை ஆண்டுகளில் ஒரு பெண் பிள்ளையின் பெயரும் பரிசுப் பட்டியலில் இல்லை. காரணம், விதியிலேயே ஆண் பிள்ளைகள் மட்டும் என்று இருந்தது. பரிசு என்பது வெறும் பதக்கமாக இருந்திருந்தால் நாங்கள் இதைப் பெரிதாக எழுதியிருக்க மாட்டோம். கல்லூரிப் படிப்பும் அதன் வழியே வேலையும் அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தன. கையில் திறமை இருந்ததா இல்லையா என்று பார்ப்பதற்கு முன்பே கதவு சாத்தப்பட்டது.

அதே நிறுவனம் 1950களின் நடுவில் வேறொன்றும் செய்தது. வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல் சில பெண்களைத் தம் துறையில் சேர்த்துக்கொண்டார். விளம்பரத் துறையினர் அவர்களுக்கு 'டாம்செல்ஸ் ஆஃப் டிசைன்' என்று அலங்காரமாக ஒரு பெயர் சூட்டினர். வடிவமைப்பைத் தொழிலாகக் கற்று வந்த அப்பெண்களுக்கு அந்தப் பெயர் உவப்பாக இல்லை. காரின் வெளித்தோற்றத்தை அவர்களிடம் விடாமல், இருக்கை, துணி, நிறம் போன்ற உட்புற வேலைகளையே கொடுத்தார்கள். 1958 இல் அவர்கள் வடிவமைத்த கார்களுக்கென்று தனிக் கண்காட்சி நடந்தது. ஏர்ல் ஓய்வு பெற்ற பின் வந்த தலைவர் இம்முயற்சியைத் தொடர விரும்பவில்லை. எனினும் சூசன் வாண்டர்பில்ட் என்பவர் அங்கேயே 20 ஆண்டுகளுக்கு மேல் நிலைத்து நின்று பணியாற்றினார். 2014 இல் அதே நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாக மேரி பாரா என்ற பெண் பொறியாளர் பொறுப்பேற்றார்.

இனிச் செய்முறைக்கு வருவோம். முழுவதையும் கையாலேயே செய்வது எல்லாருக்கும் இயலாது. ஆகவே உதிரிப் பாகங்களைப் பிளாஸ்டிக்கில் வார்த்துப் பெட்டியில் அடைத்து விற்கும் வழக்கம் வந்தது. இதைக் 'கிட்' என்பர். அமெரிக்காவில் ஏ.எம்.டி. என்ற நிறுவனம் முதலில் கார் விற்பனையாளர்களுக்காக விளம்பர மாதிரிகள் செய்து வந்தது. 1958 இல் அது 'மூன்றில் ஒன்று' என்ற வகைக் கிட்டை வெளியிட்டது. ஒரே பெட்டியில் உள்ள பாகங்களைக் கொண்டு, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியோ, பந்தயக் காராகவோ, தன் விருப்பப்படி அலங்கரித்த காராகவோ செய்துகொள்ளலாம். மீதமாகும் பாகங்களைப் பிள்ளைகள் எறிவார்களா? அவற்றை அடுத்த காருக்குச் சேர்த்து வைத்தார்கள். ஒன்றின் பம்பர் இன்னொன்றுக்கு, ஒன்றின் சக்கரம் மற்றொன்றுக்கு என்று கலந்து கட்டும் பழக்கம் இப்படித்தான் வளர்ந்தது.

ஜப்பானில் ஷிசுவோகா நகரத்துத் தமியா நிறுவனம் துல்லியத்துக்குப் பேர் போனது. 1970களில் போர்ஷே காரை 1:12 அளவில் செய்ய விரும்பியபோது, புகைப்படங்கள் போதவில்லை என்று உண்மையான போர்ஷே கார் ஒன்றை விலைக்கு வாங்கி, அதைப் பாகம் பாகமாகக் கழற்றி அளந்தார்கள்.

கிட்டைத் திறந்தவுடன் ஒட்டத் தொடங்கக் கூடாது. பாகங்கள் ஒரு சட்டத்தில், முருங்கைக் காம்பில் இலை போல வரிசையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அச்சிலிருந்து எளிதில் கழன்று வருவதற்காகப் பூசிய எண்ணெய்ப் பசை அவற்றில் இருக்கலாம். ஆகவே சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வைக்க வேண்டும். பாகங்களைத் திருகிப் பிய்க்காமல் கூர்மையான வெட்டியால் நறுக்கி, அச்சு சேர்ந்த இடத்தில் நிற்கும் மெல்லிய கோட்டை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பிறகு பசையின்றி ஒருமுறை பொருத்திப் பார்க்க வேண்டும். தையல் வகுப்பில் நூலோட்டிப் பார்த்துவிட்டுத் தைக்கிறோமே, அதே முறைதான்.

பிளாஸ்டிக் கிட்டுக்கான பசை, உண்மையில் பசையே அன்று. அது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைக்கிறது; கரைந்த இரு முகங்களும் ஒன்றிப்போய், திரவம் ஆவியானபின் ஒரே துண்டாகி விடுகின்றன. ஆகவே துளியளவே போதும். மிகுந்தால் காரின் உடம்பே உருகிவிடும். சன்னல் கண்ணாடிக்கு இதைத் தொடவே கூடாது. காய்ந்தால் ஒளி ஊடுருவும் வெள்ளைப் பசையே அதற்கு ஏற்றது. பசையின் ஆவி நெஞ்சுக்குக் கெடுதி என்பதால் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். கத்தியையும் பசையையும் தம்பி தங்கையருக்கு எட்டாத இடத்தில் வைப்பது அக்காமாரின் பொறுப்பு.

மாற்றியமைக்கும் கலையில் மிகவும் சுவையானது கூரையைத் தாழ்த்துதல். அமெரிக்க இளைஞர்கள் தங்கள் உண்மைக் கார்களிலேயே இதைச் செய்தார்கள். தாழ்ந்த கூரை காருக்கு நீண்டு பதுங்கிய தோற்றம் தரும். பார்க்க எளிது. கூரையைத் தாங்கும் தூண்களில் 4 மில்லிமீட்டர் வெட்டி எடுத்துவிட்டு மேற்பாதியைக் கீழே இறக்கினால் முடிந்தது என்று தோன்றும். ஆனால் இறக்கிப் பார்த்தால் தூண்கள் ஒன்றோடொன்று சேரா! ஏன்? தூண்கள் செங்குத்தாக நிற்பதில்லை. முன் தூண் பின்பக்கமாகவும் பின் தூண் முன்பக்கமாகவும் சாய்ந்திருக்கின்றன. 45 பாகைச் சாய்வு என்று வைத்துக்கொண்டு ஒரு தாளில் வரைந்து பாருங்கள். 4 மில்லிமீட்டர் இறக்கும்போது முன்னே 4 மில்லிமீட்டர் இடைவெளியும் பின்னே 4 மில்லிமீட்டர் இடைவெளியும் விழுகின்றன. ஆக, கூரையை நடுவே அறுத்து 8 மில்லிமீட்டர் நீட்டிக்க வேண்டும். பக்கவாட்டிலும் தூண்கள் உள்நோக்கிச் சாய்ந்திருந்தால் அகலத்தையும் கூட்ட வேண்டும்; அப்போது கூரையை நான்கு துண்டாக்க வேண்டியதுதான். 1:24 அளவில் 4 மில்லிமீட்டர் என்பது உண்மைக் காரில் 9.6 சென்டிமீட்டர். வடிவகணித வகுப்பில் செங்கோண முக்கோணம் எதற்கு என்று பெருமூச்சு விடும் தோழியருக்கு இந்தக் கூரையை நாங்கள் பரிந்துரைக்கிறோம்.

இடைவெளிகளைப் பிளாஸ்டிக் துண்டுகளால் அடைத்து, மேலே பட்டி பூசி, காய்ந்தபின் 400 ஆம் எண், பிறகு 600 ஆம் எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பார்கள். தெருக்கோடி ஒர்க்‌ஷாப்பில் டிங்கரிங் முடித்துப் பட்டி பார்ப்பதை நாம் கண்டிருக்கிறோம். அதே வேலை, சிறிய அளவில்.

பெயிண்ட் அடிப்பதில்தான் பெரும்பாலான கார்கள் கெடுகின்றன. உண்மைக் காரின் பெயிண்ட் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் கனம். அதே கனத்தை 1:24 மாதிரியின் மேல் பூசினால், உண்மைக் காரின் மேல் 2.4 மில்லிமீட்டர் சாந்து பூசியதற்குச் சமம். கதவுக்கும் உடம்புக்கும் இடையே உள்ள கோடுகள் மூடிப்போகும். எனவே பெயிண்டுக்கு முன் அக்கோடுகளை ஊசியால் மெல்லக் கீறி ஆழப்படுத்த வேண்டும். பிறகு பிரைமரும் நிறமும் மெல்லிய படலங்களாக, ஒன்று காய்ந்தபின் மற்றொன்றாக ஏற வேண்டும். அக்காளின் நகப்பூச்சு பளபளப்பாக இருக்கிறதே என்று வெறும் பிளாஸ்டிக்கில் பூசினால் அதிலுள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கை அரித்துவிடும். பிரைமர் பூசிய பின் மெல்லிதாகப் பூசலாம். அதையும் முதலில் சட்டத்தின் ஒரு துண்டில் சோதித்துக்கொள்வது நல்லது.

கிட்டின் விலை பல வீடுகளுக்கு எட்டாது. நாங்கள் தடித்த அட்டையிலும் வீட்டுச் சாமான்களிலுமே செய்து பார்த்தோம். பழைய பால்பாயிண்ட் ரீஃபில் புகைக்குழாயாகியது. எஞ்சினின் ஸ்பார்க் பிளக் கம்பி உண்மையில் 7 மில்லிமீட்டர் கனம் என்றால் மாதிரியில் 0.3 மில்லிமீட்டர், மின்கம்பியை உரித்தால் உள்ளே வரும் செப்பிழை ஒன்று போதும். மாத்திரை அட்டையின் மேல்பக்கப் பிளாஸ்டிக் விளக்குக் கண்ணாடியாயிற்று. வெல்வெட் ரிப்பனை வெட்டித் தரைக்கு விரித்தோம். இருக்கை உறைக்குப் பூப்போட்ட துணி எடுத்தபோதுதான் ஒரு சிக்கல் புரிந்தது: துணியின் பூ 1 சென்டிமீட்டர் என்றால் அது உண்மைக் காரில் 24 சென்டிமீட்டர்ப் பூவாகத் தெரியும்! வெற்று நிறமுள்ள மெல்லிய துணியைத் தேடித் தந்தவர் எங்கள் தையல் ஆசிரியை.

கடைசியாகச் செய்தது எண் பலகை. அரை மீட்டர் நீளப் பலகை 2 சென்டிமீட்டராகச் சுருங்கியது. அதில் எழுத்து 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அந்த எழுத்தைத் தூரிகையால் எழுத முடியவில்லை; கூர்மையாகச் சீவிய பென்சிலால்தான் எழுத முடிந்தது. என்ன எண் எழுதுவது என்பதில் எங்களுக்குள் அரைமணி நேர வாக்குவாதம் நடந்து, முடிவில் எங்கள் வகுப்பறை எண்ணையே எழுதினோம்.