சர்வர் நடத்தப் போகும் தம்பிக்கு

தம்பி, சொந்தமாக மேட்ரிக்ஸ் என்ற அரட்டை மென்பொருளுக்கான சர்வர் ஒன்று வைத்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் கணக்குத் திறந்து கொடுக்கப் போகிறாயாமே. சந்தோஷம். பெரிய கம்பெனிக்குப் போலீஸ் நோட்டீஸ் வந்தால் பார்த்துக்கொள்ள வக்கீல்கள் உண்டு. உன் சர்வருக்கு எல்லாமே நீதான். அதனால் சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன்.

1. வேண்டாததைச் சேர்த்து வைக்காதே. மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம். 2016-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு கிராண்ட் ஜூரி, சிக்னல் அரட்டைச் செயலியின் நிறுவனத்திடம் இரண்டு எண்களின் விவரம் கேட்டது. கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நேரம், இவ்வளவுதான் கொடுக்க முடிந்தது. ஒளிக்கவில்லை, வேறெதுவும் அவர்களிடம் இல்லை.

2. அதற்காகச் சட்டத்தைப் படிக்காமல் அழிக்கவும் செய்யாதே. மேட்ரிக்ஸின் சினாப்ஸ் மென்பொருள் பயனர்களின் ஐபி முகவரியை வழக்கமாக 28 நாள் வைத்திருக்கும். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவோ லாக்குகளை 180 நாள் வைக்கச் சொல்கிறது. உனக்கு அது எந்த அளவுக்குப் பொருந்தும் என்று முதலிலேயே ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்.

3. சோம்பலுக்கு இடம் கொடுக்காதே. 2023 மே மாதம் கோலெக்டிவா என்ற மாஸ்டடான் சமூக வலைத்தளச் சர்வரின் நிர்வாகி ஒருவர் வீட்டில் எஃப்.பி.ஐ. சோதனை போட்டது. சர்வருக்குச் சம்பந்தமே இல்லாத வழக்கு அது. ஆனால் ஏதோ பழுது பார்க்க எடுத்து, பூட்டாமல் வைத்திருந்த டேட்டாபேஸ் பேக்கப்பும் கூடவே போய்விட்டது. ஊராரின் தனிச்செய்திகளும் அதில் இருந்தன. வேலை முடியும்வரைதானே என்று எதையும் திறந்து போடாதே.

4. வாக்கை அளந்து கொடு. "யாராலும் பார்க்க முடியாது" என்று சொல்லிவிடாதே. என்க்ரிப்ஷன் செய்தியைத்தான் மூடும். யார் எந்த அறையில் இருக்கிறார், எப்போது பேசினார் என்பது சர்வருக்குத் தெரியும். வேறு சர்வர்க்காரர் ஒருவர் அறைக்குள் வந்தால் அங்கேயும் ஒரு பிரதி போகும். நீ அழித்தாலும் அங்கே அழியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

5. சின்ன உறுத்தலையும் தள்ளிவிடாதே. ஜெர்மனியில் இருந்த ஜாபர்.ரு என்ற அரட்டைச் சர்வரின் போக்குவரத்தை மாதக்கணக்கில் யாரோ இடைமறித்திருக்கிறார்கள். 2023 அக்டோபரில் "சர்டிபிகேட் காலாவதி" என்று வந்த ஒரு எச்சரிக்கையைத் துருவிப் பார்த்ததில்தான் அது வெளிப்பட்டது. காலாவதியான அந்தச் சர்டிபிகேட்டைச் சர்வர் நடத்துவோர் வாங்கியதே இல்லை. சட்டபூர்வ ஒட்டுக்கேட்பாக இருக்கலாம் என்று அவர்கள் சந்தேகித்தார்கள்.

6. கேள்வி வந்தால் பதறாதே, வீராப்பும் காட்டாதே. "ஸ்டேஷனிலிருந்து பேசுறோம்" என்று போன் வந்தால், "எழுத்தில் அனுப்புங்க சார்" என்று பணிவாகச் சொல். வந்த தாளில் யார் கையெழுத்து, எந்தப் பிரிவு, என்ன கேட்கிறார்கள் என்று நிதானமாகப் படி. வக்கீலிடம் காட்டு. சட்டப்படி தர வேண்டியதை மட்டும் கொடு, அதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். நோட்டீஸ் வந்த பிறகு எதையும் அழிக்காதே, அதுவே தனி வழக்காகிவிடும்.

7. உன்னையே காவல் காத்துக்கொள். போலீஸ் ஆயுளில் ஒருமுறை வரலாம், வராமலும் போகலாம். அட்மின் பாஸ்வேர்டு தினமும் உன் கையில் இருக்கும். மச்சான் யாரோடு பேசுகிறான் என்று பார்க்கத் தோன்றும். பார்க்காதே.

முதல் கணக்கைத் திறக்கும் முன், எதை வைத்திருக்கிறாய், எத்தனை நாள், யார் கேட்டால் எதைக் கொடுப்பாய் என்று ஒரு பக்கம் எழுதி எல்லோருக்கும் காட்டு. அதை எழுதக் கை வரவில்லை என்றால், சர்வர் இப்போதைக்கு வேண்டாம் தம்பி.