திங்கட்கிழமை நெஞ்சு இறுகுதா? – வேலைக்குப் போகும் பெண்களுக்கான மருத்துவப் பரிசோதனை



மரவள்ளிக்கிழங்கு பிடுங்கி முடிந்ததும் பச்சைமலையை விட்டுக் கீழே இறங்கி வேலை தேடுவது நமக்குப் புதிதல்ல. குவாரி, செங்கல் சூளை, திருப்பூர் பக்கம் நூல் மில் என்று போகிறோம்; பெண் பிள்ளைகளையும் அனுப்புகிறோம். சம்பளம் எவ்வளவு, ஹாஸ்டல் உண்டா என்று கேட்கிற நாம், "நுரையீரலுக்கு என்ன டெஸ்ட் எடுப்பீங்க?" என்று கேட்பதில்லை.

நூல் மில்லையே எடுத்துக்கொள்வோம். பஞ்சுத் தூசியால் வரும் நோய்க்குப் பிஸினோசிஸ் என்று பெயர். இதற்கு ஒரு விசித்திரமான அடையாளம் உண்டு. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகும், மூச்சு வாங்கும். மறுநாள் குறைந்துவிடும். "பஸ்ஸுல வந்த அலுப்பு, சுக்குக் காபி குடிச்சா சரியாயிடும்" என்று விட்டுவிடுகிறோம். வருஷம் போகப் போக எல்லா நாளும் இறுகும். ஆரம்பத்திலேயே தூசியை விட்டு விலகினால் நுரையீரல் தேறும், முற்றிவிட்டால் தேறாது. பஞ்சைப் பிரிக்கும் புளோரூம், கார்டிங் பகுதிகளில்தான் தூசி அதிகம்.

இந்த நோயை எக்ஸ்ரேயை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை வேண்டும். விடுமுறை முடிந்த முதல் நாளில் ஷிப்டுக்கு முன்னால் ஒருமுறை, முடிந்த பின் ஒருமுறை ஊதினால் வித்தியாசம் தெரியும்.

கல் தூசியின் கதை வேறு. குவாரி, கிரஷர் தூசியால் வரும் சிலிகோசிஸ் எக்ஸ்ரேயில் தெரியும்; ஆனால் காசநோய் என்று தவறாக நினைக்கவும் இடமுண்டு. சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் அதிகம். சிலிகோசிஸைக் குணப்படுத்த மருந்து கிடையாது.

முகாமில் சுகரும் பிரஷரும் பார்த்துவிட்டார்கள், போதும் என்று இருந்துவிடக் கூடாது. அது நல்லதுதான், ஆனால் தூசி செய்த கெடுதலை அது காட்டாது. மில் இரைச்சலுக்குக் காது கேட்கும் சோதனையும் தனியாக உண்டு.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள, 2020-ம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின்படி, தொழில் நோயைக் கண்டறியும் பரிசோதனைக்குத் தொழிலாளியிடம் பணம் வாங்கக் கூடாது. பிஸினோசிஸ், சிலிகோசிஸ் இரண்டும் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. நோயைக் கண்ட மருத்துவரும் தெரிவிக்க வேண்டும். முதலாளி சம்மதம் தேவையில்லை.

இருமினால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்று நம் பெண்கள் மறைக்கிறார்கள். அந்தப் பயம் பொய்யில்லை. அதனால்தான் வேலையில் சேரும் முன்பே எடுத்த ரிப்போர்ட்டின் நகல் நம் கையில் இருக்க வேண்டும் என்கிறோம். போகும்போது நல்ல நுரையீரல் இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. இழப்பீடு கேட்கும்போது உதவும்.

இத்தாலி மருத்துவர் ரமஸினி 1700-லேயே, நோயாளியிடம் "என்ன தொழில் செய்கிறாய்?" என்று கேளுங்கள் என மருத்துவர்களுக்கு எழுதி வைத்தார். ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் டாக்டர் கேட்க மறந்தால் நாமே சொல்லுவோம்: "மில்லுல கார்டிங்கில மூணு வருஷம் இருந்தேன்."

துறையூர் அரசு மருத்துவமனையில் காட்டி, தேவைப்பட்டால் திருச்சி அரசு மருத்துவமனை நெஞ்சகப் பிரிவுக்குச் சீட்டு வாங்கலாம். புகாருக்குத் திருச்சியில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகம் உள்ளது. வீட்டில் பழைய எக்ஸ்ரே, சீட்டு இருந்தால் தூக்கிப் போடாமல் அடுத்த குழுக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள்.