பயிருக்குக் கரியமில வாயு: எரிவாயு பர்னரின் பயனும் வரம்பும்

தாவரத்தின் உலர் எடையில் பெரும்பகுதி மண்ணிலிருந்து கிடைப்பதன்று. காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து உருவாவதாகும். 10 லட்சம் பங்கு காற்றில் இவ்வாயு இன்று 420 பங்குக்குச் சற்று மேல் உள்ளது. காற்றோட்டமற்ற கண்ணாடிக் குடிலிலோ, விளக்கொளியில் பயிர் வளர்க்கும் அறையிலோ, ஒளிச்சேர்க்கை தொடங்கிய சில மணி நேரத்தில் இவ்வளவு பாதியாகவும் குறைந்துவிடலாம். அப்போது நீரும் உரமும் போதிய அளவு இருந்தும் வளர்ச்சி தளர்கிறது.

இக்குறையை நீக்குவதோடு நில்லாமல், அளவை 800 முதல் 1,000 பங்கு வரை உயர்த்தினால் தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய் போன்ற பயிர்களின் விளைச்சல் குறிப்பிடத்தக்க அளவு பெருகுகிறது. மக்காச்சோளம், கரும்பு ஆகியவற்றில் இப்பயன் சொற்பமே. இரவில் வாயுவைச் செலுத்துவது வீண்.

நெதர்லாந்தின் அனுபவம்

1959-ஆம் ஆண்டு குரோனிங்கன் பகுதியில் கண்டறியப்பட்ட இயற்கை எரிவாயு, நெதர்லாந்து நாட்டின் கண்ணாடிக் குடில்களுக்கு மலிவான எரிபொருளாயிற்று. ஒரு கிலோகிராம் மீத்தேன் முற்றிலும் எரிந்தால் 2.75 கிலோகிராம் கரியமில வாயு உண்டாகிறது. எனவே கொதிகலனின் புகைவாயுவைக் குளிரவைத்து, குழாய்கள் வழியே பயிர்களுக்கு அனுப்பினர். பகலில் தேவைக்கு மிஞ்சிய வெப்பத்தை வெந்நீர்த் தொட்டிகளில் சேமித்து, இரவில் குடிலைச் சூடேற்றினர். குளிர்நாட்டில் ஒரே நெருப்பு இரு பணிகளைச் செய்தது.

ஒரு கணக்கு

50 கன மீட்டர் கொள்ளளவுள்ள அறையில் கரியமில வாயுவை 400 பங்கிலிருந்து 1,000 பங்காக உயர்த்த ஏறத்தாழ 54 கிராம் வாயு வேண்டும். இதற்கு 18 கிராம் புரோப்பேன் எரிந்தால் போதும். ஆனால் அதன் வெப்பம் முழுவதும் அறைக்காற்றிலேயே தங்குமாயின், வெப்பநிலை சுமார் 14 பாகை செல்சியஸ் உயரும். 30 கிராம் அளவுக்கு நீராவியும் சேரும். வெப்பத்தை வெளியேற்றச் சன்னலைத் திறந்தால் வாயுவும் உடன் போய்விடும். வெப்பப் பகுதிகளில் இம்முறை பொருந்தாமைக்கு இதுவே காரணம்.

உயிருக்கு அபாயம்

பிராணவாயு குறைந்தாலோ பர்னர் அழுக்கடைந்தாலோ எரிதல் முழுமை பெறாது. நீலச் சுடர் மஞ்சளாக மாறுவது இதன் அறிகுறி. அப்போது நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்ஸைடு தோன்றி, பணியாளரின் உயிரையே பறிக்கக்கூடும். எத்திலீன் வாயு மிகச் சிறு அளவில் சேர்ந்தாலும் தக்காளிப் பூக்கள் உதிரும். கரியமில வாயுவும் தீங்கற்றதன்று. எட்டு மணி நேரப் பணிக்கு 5,000 பங்கே உச்ச வரம்பு என்பது பல நாடுகளில் ஏற்கப்பட்ட விதி. ஆகவே இரு வாயுக்களையும் அளக்கும் கருவி, எச்சரிக்கை மணி, சுடர் அணைந்தால் வாயுவை நிறுத்தும் அடைப்பிதழ், வெளிக்காற்று வரும் வழி ஆகியன இன்றி மூடிய அறையில் பர்னரை ஏற்றுதல் கூடாது.

மாறிவரும் வழி

நெதர்லாந்திலேயே 2005-ஆம் ஆண்டு முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் கழிவாகும் கரியமில வாயு, குழாய் வழியே குடில்களுக்கு வழங்கப்படுகிறது. நில அதிர்வுகளின் காரணமாகக் குரோனிங்கன் வயலில் எரிவாயு எடுப்பதும் 2023 அக்டோபரில் நிறுத்தப்பட்டது.

இந்தியாவின் சமவெளிகளில் பசுமைக்குடில் அமைப்போர் முதலில் நாட வேண்டியது நல்ல காற்றோட்டத்தையே. வெளிக்காற்று தடையின்றி வந்தால் 420 பங்கு வாயு செலவின்றியே கிடைக்கும். ஒளி, நீர், உரம் ஆகியவற்றைச் செம்மைப்படுத்திய பின்னரே பர்னரைப் பற்றி எண்ணுவது முறையாகும்.