முதல் வேறு, கூலி வேறு



வீட்டிலேயே ஊறுகாய் போட்டு விற்க ஆரம்பித்தபோது, விற்ற காசையெல்லாம் ஒரே டப்பாவில் போட்டேன். பாலுக்கும் அதிலிருந்துதான், பிள்ளைகளின் ஃபீஸுக்கும் அதிலிருந்துதான். ஆறாம் மாதம் நல்லெண்ணெய் வாங்கக் காசில்லை. "வியாபாரம் நல்லாத்தானே போச்சு, பணம் எங்கே?" என்று அழுதேன். யாரும் திருடவில்லை. முதல் பணத்தை நானே தின்றுவிட்டேன்.

லிஜ்ஜத் அப்பளத்தைப் பாருங்கள். 1959-ல் மும்பை கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கித் தொடங்கினார்கள். இன்று பல்லாயிரம் பெண்கள் அதில் இருக்கிறார்கள். இடுகிற அப்பளத்துக்கு எடைபோட்டுக் கூலி. வீட்டுக்குப் போவது உழைத்த கூலி. டப்பாவில் கைவிட்டு எடுத்த காசு அல்ல.

நாம் செய்ய வேண்டியது என்ன?

1. தொழிலுக்குத் தனி டப்பா, முடிந்தால் தனி வங்கிக் கணக்கு.

2. உங்கள் உழைப்புக்கும் கூலி சேர்த்து விலை வையுங்கள். வீட்டுக்கு அதை மட்டும் எடுங்கள்.

3. முதல் போதாவிட்டால் கந்துவட்டிக்குப் போகாதீர்கள். 2015-ல் வந்த முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை ஈடில்லாமல் வங்கியில் கேட்கலாம்.

சகோதரியே, இன்று ராத்திரி டப்பாவைத் திறந்து எண்ணுங்கள். அதில் முதல் எவ்வளவு, கூலி எவ்வளவு? பிரித்துச் சொல்ல முடிகிறதா?